நல்லதுக்கு என்று போட்ட கையெழுத்து

மே 6

அன்புள்ள பாப்பாவுக்கு,

“அக்கா, இங்கிலீஷ்ல ‘ஃபார்’னா என்ன?” என்று பிப்ரவரியில் ஒரு மத்தியானம் போனில் கேட்டாய். “‘ஆக’, ‘காக’ன்னு வரும்” என்றேன். “‘குட்’னா நல்லதுதானே?” என்றாய். “நல்லதுதான்” என்றேன். அவ்வளவுதான் பேச்சு. அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. நானும் மறந்துவிட்டேன்.

அந்த அரை நிமிடம் எதற்கு என்று நேற்று உன் மகள் இங்கே வந்து சொன்ன பிறகுதான் தெரிந்தது. அவள் சொன்னதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா, பார். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் ஆபரேஷன் துணி மடிக்கும் மேஜையில் பத்தொன்பது வருடம் நின்றாய். ஈரத்துணிக் கூடையைத் தூக்கியதில் மணிக்கட்டு பிசகியது. கை சரியாகும் வரைக்கும் உட்கார்ந்து செய்யும் வேலை வேண்டும் என்று கேட்டாய். வார்டுகளுக்குத் துணி எடுத்துக் கொடுக்கும் ஜன்னலுக்கு மாற்றினார்கள். அதற்காக உங்கள் மேற்பார்வையாளர் ஆங்கிலத்தில் அடித்துக் கொடுத்த காகிதத்தில் கையெழுத்துப் போட்டாய். மூன்று மாதம் கழித்து, கை தேறி, மேஜைக்குத் திரும்பினால், “நீங்கதான் ‘ஃபார் குட்’னு எழுதிக் குடுத்துட்டீங்களே” என்கிறார்கள். ஜூலை முதல் தேதி அந்த ஜன்னலை மூடிவிட்டு இயந்திரம் வைக்கப்போகிறார்கள். ஜன்னலில் இருப்பவர்களுக்கு அதோடு வேலை இல்லை.

பாப்பா, ‘ஃபார் குட்’ என்றால் நல்லதுக்காக இல்லை. ஒரேயடியாக என்று அர்த்தம். ஒருவர் ஊரை விட்டு ‘ஃபார் குட்’ போனார் என்றால் இனி வரமாட்டார். ஒருவர் வெற்றிலை போடுவதை ‘ஃபார் குட்’ விட்டார் என்றால் இனித் தொடமாட்டார். வீட்டை விட்டுக் கிளம்பும்போது நாம் “போறேன்” என்று சொல்லமாட்டோம் அல்லவா, “போய்ட்டு வரேன்” என்போம். அந்த “வரேன்” இல்லாத “போறேன்”தான் ‘ஃபார் குட்’.

இரண்டு எளிய சொற்கள் சேர்ந்து மூன்றாவதாக ஓர் அர்த்தம் கொடுக்கும் இடங்கள் ஆங்கிலத்தில் நிறைய உண்டு. அதனால்தான் தனித்தனியாகக் கேட்கக் கூடாது. முழு வாக்கியத்தையும் நீ படித்துக் காட்டியிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன். போகட்டும். பத்து நாளாகப் போனை எடுக்கமாட்டேன் என்கிறாய். எடு. பேசி ஒரு வழி பண்ணலாம்.

அக்கா

*

மே 11

அக்காவுக்கு,

உன் பாடம் கிடைத்தது. நன்றாகப் புரிந்தது. இரண்டு உதாரணம், ஒரு விளக்கம், கடைசியில் தப்பு என் பேரில். பள்ளிக்கூடத்தை விட்டு வந்தாலும் சாக்பீஸை விடவில்லை நீ.

போனை எடுக்கமாட்டேன். போனில் கேட்டுத்தான் இந்தக் கதிக்கு வந்தேன். இனி எனக்கு யார் எது சொன்னாலும் எழுத்தில் வேண்டும். நீயும்தான்.

வியாழக்கிழமை நிர்வாக அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இருக்கும் மேடம் கெட்டவர் இல்லை. உட்காரச் சொன்னார். காகிதத்தை என் பக்கம் திருப்பி வைத்தார்.

“கையெழுத்து உங்களுதுதானே?”

“கையெழுத்து என்னுது மேடம். வார்த்தை என்னுது இல்ல.”

“புரியாம போட்டேன்னு சொல்றீங்க. எல்லாருமே அப்படிச் சொல்லலாமே. புரியலைன்னு எதை வெச்சு நான் நம்பறது?”

நான் சொன்னேன், “எங்க அக்காகிட்ட கேட்டுட்டுத்தான் போட்டேன் மேடம்.” அவர், “அவங்க என்ன சொன்னாங்களோ அதை எழுதி வாங்கிட்டு வாங்க, பாக்கறேன்” என்றார். ‘பாக்கறேன்’ என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தமிழிலேயே தெரியும். ஆனாலும் விடப்போவதில்லை.

மேஜைக்கு இப்போது வந்திருக்கும் பெண் நல்ல பெண்தான். ஆனால் அவளுக்கு அடியில் விளக்கு எரியும் வெளிச்சக் கண்ணாடியில் துணியை விரித்தால் பெரிய கிழிசல்தான் தெரிகிறது. ஊசி முனை அளவு ஓட்டை தெரியவில்லை. போன வாரம் அப்படி ஒன்று டாக்டர் கைக்கே போய்த் திரும்பி வந்திருக்கிறது. ஜன்னலில் உட்கார்ந்துகொண்டு இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். போனில் நீ சொன்னதை உள்ளபடி எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்பு.

பாப்பா

*

மே 15

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ கேட்டபடி எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன்: “என் தங்கை என்னிடம் இரண்டு தனிச் சொற்களுக்குப் பொருள் கேட்டார். இரண்டுக்கும் அகராதிப்படி சரியான பொருளைக் கூறினேன். அச்சொற்கள் சேர்ந்து வரும் செய்தி எனக்குத் தெரிவிக்கப்படவில்லை.”

இது போதும் என்று நினைக்கிறேன். கையை அதிகம் வருத்தாதே.

அக்கா

*

மே 19

அக்காவுக்கு,

உன் காகிதத்தைத் திருப்பி அனுப்புகிறேன். இதைக் கொண்டுபோய்க் கொடுத்தால் மேடம் உனக்கு நூற்றுக்கு நூறு போடுவார், எனக்கு முட்டை போடுவார். நான் கேட்டது உள்ளபடி. நீ அனுப்பியது உன்னைக் காப்பாற்றிக்கொள்ளும்படி.

சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். நீ சொல்ல வைத்துவிட்டாய்.

அன்றைக்கு “நல்லதுதான்” என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டதாக நீ நினைத்தாய். அணைக்கவில்லை. உன் பக்கம் டம்ளர் சத்தம் கேட்டது. சிரிப்புக் கேட்டது. ஒரு அம்மா கேட்டார், “யாருடி அது, இந்நேரத்துல இங்கிலீஷ் சந்தேகம்?” நீ சொன்னாய், “யாரும் இல்ல. பழைய ஸ்டூடன்ட் ஒருத்தி.”

நான் ஜன்னலுக்குப் பக்கத்தில், ஒரு கையில் கட்டும் ஒரு கையில் போனுமாக நின்றுகொண்டிருந்தேன். காகிதம் எதிரே இருந்தது. முழு வாக்கியத்தையும் எழுத்துக் கூட்டிப் படித்துக் காட்டத்தான் கூப்பிட்டேன் அக்கா. நீ அவசரமாக இருப்பது குரலிலேயே தெரிந்தது. அதனால் சட்டென்று படிக்க முடிந்த இரண்டு வார்த்தையை மட்டும் கேட்டேன். பிறகு “யாரும் இல்ல” என்று கேட்டதும் மறுபடி கூப்பிட மனசு வரவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

ஒன்று யோசித்துப் பார். நிஜமாகவே நான் உன் பழைய மாணவியாக இருந்திருந்தால், நீ முழு வாக்கியத்தைக் கேட்டிருப்பாய்.

ஜூன் முப்பதுக்கு இன்னும் நாற்பத்திரண்டு நாள். நீ எழுதினாலும் எழுதாவிட்டாலும் நான் மேஜைக்குத் திரும்பத்தான் போகிறேன்.

பாப்பா

*

மே 28

பாப்பா,

ஒன்பது நாளில் நான்கு முறை எழுதிக் கிழித்தேன். இது ஐந்தாவது. இதில் விளக்கம் இல்லை.

“சம்பந்தப்பட்டவர்களுக்கு. நான் முப்பத்து நான்கு வருடம் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவள். பிப்ரவரியில் என் தங்கை ‘ஃபார்’, ‘குட்’ என்ற இரண்டு சொற்களுக்குப் போனில் பொருள் கேட்டாள். எந்த வாக்கியத்தில் வருகிறது என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. சேர்ந்து வந்தால் பொருள் வேறு என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அப்போது என்னுடன் இருந்த தோழிகளுக்கு முன்னால், சலவைக்கூடத்தில் வேலை செய்பவள் என் தங்கை என்று சொல்லக் கூச்சப்பட்டு, பேச்சை அவசரமாக முடித்தேன். அவள் ‘நல்லதுக்காக’ என்று புரிந்துகொண்டு கையெழுத்துப் போட்டதற்குக் காரணம் நான். தவறு என்னுடையது.”

கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். யாரிடம் வேண்டுமானாலும் காட்டு.

மன்னிப்பைக் கடிதத்தில் கேட்கமாட்டேன். நேரில் வந்து கேட்கிறேன். அதற்கு முன்னால் உன் வேலை.

நீ கையெழுத்துப் போட்ட காகிதத்தின் நகலை உன் மகள் எனக்குக் காட்டினாள். நான் மூன்று முறை படித்தேன். அதில் ஒன்று இடிக்கிறது. உன் மேற்பார்வையாளர் எழுதியிருப்பது இது: “வித் எ ஹேப்பி ஹார்ட் அண்ட் ஃபார் குட், ஐ கிவ் அப் மை ப்ளேஸ் அட் த டேபிள்.” அதாவது, மகிழ்ச்சியான மனதோடு, ஒரேயடியாக, மேஜையில் என் இடத்தை விட்டுவிடுகிறேன். பத்தொன்பது வருட இடத்தை ஒருத்தி ஒரேயடியாக விடுகிறாள் என்று தெரிந்து எழுதுகிறவர், ‘மகிழ்ச்சியான மனதோடு’ என்று பக்கத்தில் ஏன் வைக்கிறார்? கல்யாணப் பத்திரிகையில் இரங்கல் செய்தி மாதிரி இருக்கிறது.

நான் ஆயிரக்கணக்கில் விடைத்தாள் திருத்தியவள். அதில் தெரிந்துகொண்ட ஒன்றைச் சொல்கிறேன். அர்த்தம் தெரியாமல் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டவர் அதை ஒரே ஒரு தடவை எழுதி நிறுத்தமாட்டார். அது அவருக்குப் பிடித்த சொல்லாக இருக்கும். உங்கள் கூடத்துச் சுவரில் அவர் ஒட்டிய ஆங்கில அறிவிப்புகள் இருக்கிறதா? இருந்தால் ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்து எழுதி அனுப்பு. புரியாவிட்டால் பரவாயில்லை. படம் வரைவதுபோல் வரை.

அக்கா

*

ஜூன் 3

அக்காவுக்கு,

கடிதம் வந்தது. படித்தேன். மடித்து வைத்தேன். மறுபடி எடுத்துப் படித்தேன். அதைப்பற்றி இப்போது ஒன்றும் எழுதவில்லை.

சுவரைப்பற்றி எழுதுகிறேன்.

எங்கள் மேற்பார்வையாளரை நாங்கள் ‘டை சார்’ என்போம். கொதிக்கிற ஆவியிலும் கழுத்தில் டையை அவிழ்க்கமாட்டார். மற்றவர்கள் முண்டாசு கட்டியிருப்பார்கள், அவர் டை கட்டியிருப்பார். அறிவிப்பு ஒட்டுவதென்றால் அவருக்கு உயிர். நாங்கள் யாரும் படித்துப் பார்த்ததில்லை. “சார் ஒட்டிட்டாரு, எதுக்கும் ஒழுங்கா இருந்துக்கோ” என்பதோடு சரி.

சாப்பாட்டு நேரத்தில் நான் நோட்டும் பென்சிலுமாகச் சுவர் சுவராக நின்றேன். இஸ்திரி உருளையில் நிற்கும் ஒல்லி சிரித்தாள். “என்னக்கா, ஆஸ்பத்திரியை விலைக்கு வாங்கப் போறியா?” பிறகு அவளே ஸ்டூல் எடுத்துவந்து மேலே இருந்ததை எழுத்துக் கூட்டிச் சொன்னாள். அவள் ஒன்பதாவது வரைக்கும் படித்தவள். எங்களுக்குக் கிடைத்தவை இவை.

உலர்த்தும் அறைக் கதவில்: ப்ளீஸ் க்ளோஸ் த டோர் ஃபார் குட்.

மின்விசிறிக்குக் கீழே: ஸ்விட்ச் ஆஃப் த ஃபேன் ஃபார் குட்.

தண்ணீர்த் தொட்டியில்: ட்ரிங்க் வாட்டர் ஃபார் குட்.

கை கழுவும் இடத்தில்: வாஷ் ஹேண்ட்ஸ் ஃபார் குட்.

ஓய்வறையில்: லேடீஸ், கீப் சைலன்ஸ் ஃபார் குட்.

எல்லாவற்றிலும் அந்த இரண்டு வார்த்தை இருக்கிறது அக்கா. அதுவரைக்கும் எனக்கே தெரிந்தது. நான்தான் இப்போது அந்த இரண்டு வார்த்தையை இருட்டில்கூடக் கண்டுபிடிப்பேனே.

இவையெல்லாம் என்ன சொல்கின்றன?

பாப்பா

*

ஜூன் 6

பாப்பா,

சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தேன். பிறகு உன் காகிதம் நினைவுக்கு வந்தது, நின்றுவிட்டது.

உலர்த்தும் அறைக் கதவை இனித் திறக்கவே கூடாது என்கிறது முதல் அறிவிப்பு. மின்விசிறியை ஒரேயடியாக நிறுத்திவிட வேண்டும். கை ஒரேயடியாகக் கழுவியாகிவிட்டதால் மறுபடி கழுவ வேண்டியதில்லை. ஓய்வறைக்குள் நுழையும் பெண்கள் ஆயுளுக்கும் வாய் திறக்கக் கூடாது. ஒல்லி அதைப் படித்தபிறகும் பேசுகிறாளா?

ஆக, டை சாருக்கும் அந்தச் சொற்களுக்கு உன் அர்த்தம்தான். ‘நல்லது, செய்யுங்கள்’ என்று எல்லாவற்றுக்கும் ஒரு பூ வைப்பதுபோல் வைக்கிறார். உன் காகிதத்திலும் அப்படித்தான் வைத்திருக்கிறார். நீ விட்டுப்போகிறாய் என்று எழுத அவர் நினைக்கவே இல்லை.

அவர் எங்கே சறுக்கினார் என்பதையும் சொல்லிவிடுகிறேன், அவரிடம் பேசும்போது உதவும். ‘ஃபார் த குட் ஆஃப் த ஹாஸ்பிடல்’ என்றால் ஆஸ்பத்திரியின் நன்மைக்காக. ‘ஃபார் யுவர் ஓன் குட்’ என்றால் உன் சொந்த நன்மைக்காக. இரண்டிலும் நன்மை யாருக்கு என்று சொல்ல ஓர் ஆள் இருக்கிறார், கவனி. அந்த ஆளை எடுத்துவிட்டு ‘ஃபார் குட்’ என்று மொட்டையாக விட்டால் நன்மையும் போய்விடுகிறது. வெறும் கதவுதான் மிச்சம், அதுவும் சாத்திய கதவு. யாருக்கு என்ற ஆளை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதை நானும் இப்போதுதான் படிக்கிறேன்.

இனி நீதான் முடிவு செய்ய வேண்டும். இந்த அறிவிப்புகளை நேரே மேடத்திடம் கொண்டுபோகலாம். காரியம் சீக்கிரம் முடியும். ஆனால் அலுவலகம் முழுக்கச் சிரிக்கும், அவர் டையை அவிழ்த்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். முதலில் அவரிடமே போகலாம். அவர் ஒத்துக்கொள்ளாமல் இரவோடு இரவாக எல்லாவற்றையும் கிழித்துப்போட்டால் நமக்குச் சுவரும் இல்லை. எது சரி என்று உனக்குத்தான் தெரியும், அவரைப் பத்தொன்பது வருடம் பார்த்தவள் நீ.

அக்கா

*

ஜூன் 14

அக்காவுக்கு,

அவரிடமே போனேன். கிழித்தால் கிழிக்கட்டும் என்று போனேன். எனக்குக் கை பிசகிய அன்றைக்கு ஈரக் கூடையை மீதித் தூரம் தூக்கிப்போனவர் அவர்தான். அப்போதும் டை கட்டியிருந்தார். அவரை மேடம் முன்னால் நிறுத்தி எல்லாரும் சிரிக்கும்படி செய்ய எனக்கு மனசு வரவில்லை.

அவர் அறையில் வேறு யாரும் இல்லாத நேரம் பார்த்து நோட்டைத் திறந்து வைத்தேன்.

“சார், இந்த ‘ஃபார் குட்’டுக்கு என்ன அர்த்தம்?”

“இதுகூடத் தெரியாதா? நல்லதுக்குன்னு.”

“இல்ல சார். ஒரேயடியான்னு அர்த்தமாம். இந்தக் கதவை இனித் தொறக்கவே கூடாதுன்னு எழுதியிருக்கீங்க.”

முகம் சிவந்துவிட்டது. எழுந்து நின்றார். “எனக்கு இங்கிலீஷ் சொல்லிக் குடுக்க வந்துட்டீங்களாம்மா? துணி மடிக்கிற வேலையைப் பாருங்க!”

“துணி மடிக்கிற வேலையைத்தான் சார் கேக்கறேன்” என்றேன்.

அவர் உட்காரவில்லை. அப்போதுதான் உன் காகிதத்தை எடுத்து வைத்தேன். “எங்க அக்கா சார். முப்பத்து நாலு வருஷம் இங்கிலீஷ் டீச்சர். அவங்களே தப்பு பண்ணிட்டேன்னு எழுதிக் குடுத்திருக்காங்க. படிச்சுப் பாருங்க.”

படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார். ‘கூச்சப்பட்டு’ என்று நீ எழுதியிருந்த வரியில் விரலை வைத்தார். பிறகு டை முடிச்சை ஒரு விரல் அளவு தளர்த்தினார். இத்தனை வருடத்தில் அதை நான் பார்த்ததில்லை.

“டீச்சரே எழுதியிருக்காங்க” என்றார், தனக்குத்தானே. பிறகு என்னிடம், “உங்களைப் பத்தி நல்லவிதமா எழுதணும்னுதாம்மா அப்படிப் போட்டேன். சந்தோஷமா, எல்லார் நல்லதுக்கும் விட்டுக் குடுக்கறீங்கன்னு. மூணு மாசத்துக்குன்னுதான் எனக்குத் தெரியுமே. அப்புறம் மேடம் அந்தக் காகிதத்தை எடுத்து நீட்டினப்ப எனக்கே குழப்பமாப் போச்சு. தெரியாதுன்னு சொல்ல வாய் வரலை. இங்கிலீஷ் தெரியும்னுதானே இந்த நாற்காலியைக் குடுத்தாங்க.”

“எனக்குக் கண்ணு தெரியும்னு அந்த மேஜையைக் குடுத்தாங்க சார்” என்றேன். “நான் அதை விடமாட்டேன். நீங்க எழுதித் தந்தா உங்களோட போறேன். தராட்டி இந்த நோட்டோட போறேன்.”

ரெண்டு நாள் டைம் கேட்டார். கொடுத்தேன். நான் வெளியே வரும்போது அவர் ஸ்டூலில் ஏறி உலர்த்தும் அறைக் கதவு அறிவிப்பை நகத்தால் உரித்துக்கொண்டிருந்தார். ஒல்லி ஓடிவந்து, “அக்கா, ஆதாரத்தைக் கிழிக்கறாரு!” என்றாள். “கிழிக்கட்டும், நோட்டுல இருக்கு” என்று சொல்லிவிட்டேன். ஆனால் வெறும் நோட்டு போதுமா என்று எனக்குத் தெரியாது.

ரெண்டு நாள் முடிந்து இன்றைக்கு மூன்றாவது நாள். இன்னும் ஒன்றும் தரவில்லை.

பாப்பா

*

ஜூன் 17

பாப்பா,

பதின்மூன்று நாள் இருக்கிறது. அவர் தராவிட்டால் இருபதாம் தேதி நோட்டோடு மேடத்திடம் போ. ஒல்லியையும் மேஜைப் பெண்களையும் கூட்டிப் போ. பிப்ரவரியில் மேஜையை விட்டுப் போகும்போது அவர்களிடம் என்ன சொல்லிவிட்டுப் போனாய் என்று கேட்டுப் பார். “போறேன்” என்றா, “போய்ட்டு வரேன்” என்றா? அதுவும் சாட்சிதான்.

இன்று என் தோழிகள் மூவரிடமும் சொன்னேன். “அன்னிக்குப் போன்ல பேசினது ஸ்டூடன்ட் இல்ல, என் கூடப் பிறந்தவ. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்துல இருக்கா. ஊசி ஓட்டையைக் கண்ணாலேயே கண்டுபிடிப்பா” என்றேன். கணக்கு டீச்சராக இருந்தவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “இதுல மறைக்க என்னடி இருக்கு? எனக்குச் சட்டைப் பொத்தான் தைக்கத் தெரியாது, அதை நான் மறைச்சேனா?” என்றாள். எனக்குத் தலை குனிந்துவிட்டது. நான் பயந்தது இதற்குத்தானா என்று இருந்தது.

அக்கா

*

ஜூன் 27

அக்கா,

உட்கார்ந்து படி.

பதினெட்டாம் தேதி காலையில் டை சார் என் ஜன்னலுக்கு வந்தார். ஆறு அறிவிப்புக் காகிதத்தையும் நீட்டினார். ஒன்றுகூடக் கிழியவில்லை. தண்ணீர் தொட்டு மெதுவாக உரித்து, காயவைத்து, அடுக்கி வைத்திருக்கிறார். நாங்கள் ஐந்துதான் எழுதியிருந்தோம். ஆறாவது அவர் அறைக் கதவுக்கு உள்பக்கம் இருந்ததாம். மேலே தமிழில் ஒரு கடிதம், அவர் கையால்: “இச்சொற்களின் பொருளை நான் தவறாக அறிந்திருந்தேன். கை குணமாகும் வரை மட்டுமே இடமாற்றம் என்பதே என் எண்ணம், அவர் கேட்டதும் அதுவே.” தட்டச்சு இல்லை. நான் இதைப் படித்தேன் அக்கா, யாரையும் கேட்காமல்.

“ஒரு வாரம் ஆயிடுச்சும்மா. எழுதறது சுலபமா இல்ல” என்றார்.

“எங்க அக்காவுக்கு ஒன்பது நாள் ஆச்சு சார்” என்றேன்.

மேடத்துக்கு நேரம் கிடைத்தது நேற்றுத்தான். எல்லாரும் போனோம். மேடம் அறிவிப்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ‘லேடீஸ், கீப் சைலன்ஸ்’ வந்ததும் உதட்டைக் கடித்துக்கொண்டார். டை சார் சுவரைப் பார்த்தபடி நின்றார். உடனே ஒல்லி, “நாங்க ஒரு நாளும் அதை மதிச்சதே இல்ல மேடம்” என்றாள். டை சாரே சிரித்துவிட்டார், பிறகு எல்லாரும் சிரித்தோம். அவரைப் பார்த்துச் சிரித்தது இல்லை, அவரோடு சேர்ந்து சிரித்தது.

பிறகு உன் காகிதம். மேடம் அதைச் சத்தம் இல்லாமல் படித்தார். “உங்க அக்கா இதை எழுதாம இருந்திருந்தா நான் மீதியைப் பாத்திருக்கமாட்டேன்” என்றார்.

மேஜைப் பெண்களிடம், “இவங்க போகும்போது என்ன சொன்னாங்க?” என்று கேட்டார். மூன்று பேரும் ஒரே குரலில், “போய்ட்டு வரேன்னாங்க.”

கம்ப்யூட்டரில் புதுசாக ஒரு காகிதம் அடித்து என் பக்கம் வைத்தார். “கையெழுத்துப் போடுங்க. மேஜைக்குத் திரும்பிப் போகலாம்.”

நான் பேனாவை எடுக்கவில்லை. எழுத்துக் கூட்டினேன். மேஜை என்பது இருந்தது. ‘ஃபார்’ இருந்தது. அதற்கப்புறம் ‘குட்’ இல்லை. ‘த டைம் பீயிங்’ என்று என்னவோ இருந்தது. ‘டைம்’ மட்டும் புரிந்தது.

“இது என்ன மேடம்?”

“இப்போதைக்குன்னு அர்த்தம். வழக்கமா எழுதறதுதான்.”

“இப்போதைக்குன்னா எதுவரைக்கும்?”

மேடம் ‘பாக்கலாம்மா’ என்று சொல்ல வாய் எடுத்து நிறுத்திக்கொண்டார். டை சார் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் சொன்னேன், “மேடம், அந்தப் பழைய ரெண்டு வார்த்தையையே போடுங்க. ‘ஃபார் குட்’. இப்ப எனக்கு அர்த்தம் தெரியும்.”

மேடம் அழித்துவிட்டு அடித்தார். அதை முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளி வரைக்கும் சத்தமாகப் படித்தேன். பன்னிரண்டு நிமிடம் ஆனது. யாரும் அவசரப்படுத்தவில்லை. பிறகுதான் கையெழுத்துப் போட்டேன்.

இன்று காலை மேஜையில் நின்றேன். முதல் துணியிலேயே ஒரு ஓட்டை. புதிதாக வந்த பெண்ணுக்கு விரலால் காட்டினேன், அவளுக்கும் தெரிந்தது. அவளுக்கும் மேஜையிலேயே இடம் கொடுத்திருக்கிறார்கள். ஜன்னலில் என்னோடு இருந்த இன்னொருத்திக்கு இன்னும் எதுவும் முடிவாகவில்லை. அடுத்து அவள் காகிதத்தைப் பார்க்க வேண்டும்.

டை சார் சொல்கிறார், உரித்த இடமெல்லாம் சுவர் வெளுத்துத் தெரிகிறதாம். அங்கே ஒட்ட ஏதாவது எழுதித் தரமுடியுமா என்று உன்னிடம் கேட்கச் சொன்னார். தமிழில்.

நீ போன் பண்ணினால் எடுப்பேன்.

பாப்பா

*

ஜூலை 2

பாப்பா,

போன் பண்ணப்போவதில்லை. திங்கள்கிழமை வருகிறேன். ஆறு மணி நேரப் பயணம், காலை வண்டியில் கிளம்பினால் உன் வேலை முடியும் நேரத்துக்கு வாசலில் இருப்பேன். யாரைப் பார்க்க வந்தீர்கள் என்று காவலாளி கேட்பார். சலவைக்கூடத்தில் மேஜையில் நிற்பவள் என் தங்கை என்று, கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்லப்போகிறேன். முப்பத்து நான்கு வருடம் கடைசி பெஞ்சுக்குக் கேட்கும்படி பேசிய தொண்டை இது.

அந்த இன்னொருத்தியின் காகிதத்தை எடுத்து வைத்திரு. மூன்று பேருமாக முதல் சொல்லிலிருந்து படிப்போம். இந்தத் தடவை நான் முழு வாக்கியத்தையும் கேட்பேன்.

அன்றைக்கு நீ பன்னிரண்டு நிமிடம் படித்ததாக எழுதியிருந்தாய். ‘இப்போதைக்கு’ என்பதை அனுபவப்பட்டவர்களே கவனிக்காமல் தாண்டிப் போவார்கள். நீ அங்கே நின்று கேட்ட கேள்வியை என் வகுப்பில் யாரும் கேட்டதில்லை, நானும் கேட்கச் சொல்லிக் கொடுத்ததில்லை. அதனால் சுவருக்கு நான் புதிதாக எதுவும் யோசிக்கவில்லை. உன் கேள்வியைத்தான் எழுதியிருக்கிறேன். டை சாரிடம் கொடுத்து, எல்லார் கண்ணிலும் படும் உயரத்தில் ஒட்டச் சொல்:

“இன்று வீட்டுக்குப் போனதும், நீங்கள் கையெழுத்துப் போட்ட காகிதம் ஒன்றை எடுங்கள். அதில் ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் விரலை வைத்து, ‘எதுவரைக்கும்?’ என்று சத்தமாகக் கேட்டுப் பாருங்கள்.”

அக்கா